கூடுதுறையில் நாலாவது நதி

பவானி கூடுதுறையில் காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரிந்து கலக்கின்றன. அமுத நதி தெரியாமல் வந்து சேர்வதாக ஐதீகம். நாலாவதாக ஒன்றும் சேர்கிறது. அதைக் காண ஞானக்கண் வேண்டாம், ஆடி அமாவாசைக்கு மறுநாள் படித்துறையில் நின்றால் போதும்.

பரிகாரத்துக்கு வருகிறவர் எள்ளு, பச்சரிசி, பூ எல்லாவற்றையும் கேரி பேக்கில் கட்டி வருகிறார். பிண்டம் தண்ணீரில் கரைகிறது. பின்னாலேயே பையும் போகிறது, போட்ட முடிச்சுக்கூட அவிழாமல். ஏழு தலைமுறைப் பாவம் ஒரே முழுக்கில் தொலையுமாம், பை தொலையாது. வெயிலில் நைந்து, துண்டு துண்டாகி, மீன் விழுங்கும் அளவுக்குப் பொடியாகும், அவ்வளவுதான். அடுத்த தலைமுறை பரிகாரம் செய்ய ஒரு காரணம் வேண்டாமா?

பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் முழுக்க இருக்கிறது. 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. கடைக்காரர் "கவருக்குத் தடைங்ண்ணா" என்று சொல்லிக்கொண்டே கல்லாவுக்குக் கீழிருந்து ஒன்றை உருவித் தருகிறார். ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் துணிப்பைக்குப் பஞ்சம்!

ஆற்றில் விடாத புண்ணியவான்கள் வாசலில் கொளுத்துகிறார்கள். அந்தப் புகையில் டயாக்சின் உண்டு. மூச்சுக்கு அது ஆகாது.

கையில் வந்துவிட்ட பையை அலசிக் காயவைத்து, மக்காத குப்பையாகத் தனியே தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். சாம்பார் ஒட்டிய பையை மறுசுழற்சிக்கு யாரும் எடுக்கமாட்டார்கள்.