திறமைக்கு வந்த வாழ்வு

தாமிரபரணிக் கரையில் இத்தனை திறமை மண்டிக் கிடப்பது ஆன்லைன் ரம்மி கம்பெனிக்காரன் வந்து சொல்லித்தான் நமக்கே தெரிந்தது. அம்பாசமுத்திரத்தில் டிகிரி முடித்த பையன் வேலை கேட்டுப் போனால் ‘எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா’ என்று கேட்டே திருப்பி அனுப்புவார்கள். ஆப்புக்கு அந்தப் பவிசெல்லாம் இருந்ததில்லை. ஒரு போன் நம்பர் போதும், நீர் திறமைசாலி வே!

முதலில் எல்லாம் இலவசம். நுழைவுக் கட்டணம் இல்லாத டோர்னமென்ட். ஆடிப் பழகச் சும்மா கொடுத்த சிப்ஸ். நிஜப் பணம் இல்லாத மேசையில் எவனும் யோசித்து ஆடவில்லை, நம்மாள் ஜெயித்தான். பரிசு, போனஸ். போனஸைக் கண்ணால் பார்க்க முடிந்தது, கையால் எடுக்க முடியவில்லை. எடுக்க வேண்டுமானால் சொந்தக் காசைப் போட்டு அவன் சொன்ன அளவுக்கு ஆடியாக வேண்டியிருந்தது. லீடர்போர்டில் முதலிடம் நிறைய ஜெயித்தவனுக்கு என்று நினைத்துவிடாதீர். பல ஆப்களில் அது நிறையப் பணம் வைத்து ஆடியவனுக்குத்தான் கிடைத்தது. ஏமாளிக்கு ரேங்க் போட்டுக் கிரீடம் வைத்த ஒரே பரீட்சை இதுதான்.

கணக்கைப் பாரும். ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டினால் 600. கம்பெனி 10 சதவீதம் எடுத்தால்கூட ஆட்டத்துக்கு 60 ரூபாய் மேசையை விட்டு எழுந்து போய்விடும். பத்து ஆட்டத்தில் ஆறு பேரும் மாறி மாறி ஜெயித்திருந்தாலும் 600 ரூபாய் காணாமல் போயிருக்கும். ஆறு பேரில் எவன் கெட்டிக்காரன் என்பதில் கம்பெனிக்கு என்ன கவலை?

முக்கூடலில் ஒருத்தி சுளவை மடியில் வைத்து ஆயிரம் பீடி சுற்ற விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஆகும். அந்தக் கூலியை ஒரே ஆட்டத்தில் 80 பாயிண்ட் ஃபுல் கவுண்ட் வாங்கித் தோற்க அவள் புருஷனுக்கு இரண்டு நிமிஷம் தாராளமாக இருந்தது. இதில் யாருடையது திறமை? ரம்மி பெரும்பாலும் திறமை விளையாட்டுதான் என்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பீடி சுற்றுவதைப் பற்றி எந்தக் கோர்ட்டும் அப்படிச் சொன்னதில்லை. ஆட்டத்தை வைத்துக் கிளப்காரன் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்த வரி விளம்பரத்தில் வந்ததில்லை.

2020இல் நம்ம கூடங்குளம் போலீஸ் சீட்டாட்ட வழக்கு ஒன்று போட்டது. அது உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனபோதுதான் நீதிபதி புகழேந்தி, போனுக்குள் நடக்கிற ஆட்டத்துக்கும் ஒரு சட்டம் வேண்டாமா என்று அரசுக்கு எடுத்துச் சொன்னார். அதாவது, காகிதச் சீட்டு குற்றம். கண்ணாடிச் சீட்டு ஸ்டார்ட்-அப்.

பிறகு நடந்தது தனிக் கூத்து. 2020 நவம்பரில் தடை போட்டு அவசரச் சட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு, மறுபடி மசோதா. அன்றைய ஆளுநர் ரவி அதை மாதக்கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் திரும்ப நிறைவேற்றியது, ஏப்ரலில் கையெழுத்து விழுந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை கிடையாது என்றது. கல்யாணம் உண்டு, மாப்பிள்ளை மட்டும் இல்லை.

டெல்லி சும்மா இருக்குமா? 2023 அக்டோபரில் கட்டுகிற பணம் முழுவதற்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. போட்டது. சென்னை மட்டும் யோக்கியமா? 2003இல் லாட்டரியைத் தடை செய்த மாநிலத்தில், ஆட்சியில் இருந்த தி.மு.க. லாட்டரி கம்பெனியிடம் தேர்தல் பத்திரமாக வாங்கியது 509 கோடி. பந்தியில் எல்லாருக்கும் இலை போட்டாயிற்று, சமைத்தவள் பீடிக்கட்டோடு வாசலில் நிற்கிறாள்.

2025 பிப்ரவரியில் மாநில அரசு இன்னொரு கருணை காட்டியது: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கூடாது. நன்றாகத் தூங்கி எழுந்து, காப்பி குடித்துவிட்டுத் தெம்பாகத் தோற்கலாம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் ஆன்லைன் பண ஆட்டம் மொத்தத்தையும் தடை செய்து சட்டம் போட்டது. நடத்துகிறவனுக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். இரண்டு நாள் வேலைக்கு ஏன் இத்தனை வருஷம் என்று யாரும் கேட்கவில்லை. காசு வைக்காத ‘சமூக விளையாட்டு’களுக்கு அனுமதி உண்டு. ஆக, மறுபடியும் இலவசத்தில் வந்து நிற்கிறோம். தோற்ற பணத்தைத் திருப்பிக் கொடு என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் கிடையாது. குழுக்கடன் தவணைக்கு வாராவாரம் வருகிறவனிடம் போய், ‘அண்ணாச்சி, அது திறமை விளையாட்டுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு’ என்று சொல்லிப் பாரும் வே.