நம்பர் என்ன டாக்டர்?

கே: எங்கள் தேயிலைத் தோட்ட லயன் வீடுகளுக்கு வந்து ஊசி போடுகிறவர் கைராசிக்காரர். பட்டம் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிட்டது?
(கொழுந்து பறிக்கும் வாசகி, கிளென்மார்கன்)

ப: சளிக் காய்ச்சல் டாக்டர் இல்லாமலும் போகும், போலி டாக்டர் இருந்தும் போகும். பெயர் மட்டும் அவருக்கு! நிமோனியா வருகிற அன்றுதான் கைராசிக்குப் பரீட்சை. அன்றைக்கு அவரே, "ஊட்டிக்குக் கொண்டுபோயிருங்க" என்பார். அதற்குள் இரண்டு நாள் வீணாகியிருக்கும்.

கே: பிடிபட்டால் என்ன தண்டனை?
(அதே வாசகியின் கணவர்)

ப: 1956-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தில் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாயை ஒரு நாள் வசூலில் கட்டிவிட்டு மறுநாள் கடை திறந்தார்கள். 2019-இல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் அபராதத்தை ஐந்து லட்சம் வரை ஏற்றியிருக்கிறது. சிறை அதே ஓராண்டுதான்.

கே: எங்கள் ஊர் விஞ்சில் (கம்பி இழுக்கும் மலை வண்டியில்) ஏறக்கூட மின்வாரிய அனுமதி வேண்டும். ஊசி போட மட்டும் யாரும் கேட்பதில்லையே?
(சிங்காரா வாசகர்)

ப: கேட்கிற சட்டம் 1914-லேயே வந்துவிட்டது. சென்னை மாகாணத்தில் டாக்டர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது அந்த ஆண்டுச் சட்டம். அதிலிருந்துதான் இன்றைய தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள்: தப்புச் செய்த டாக்டரின் பெயரைக் கவுன்சில் நீக்கலாம். போலியிடம் நீக்க என்ன இருக்கிறது? அவர் போலீஸ் பொறுப்பு. உரிமம் என்பது கெட்டிக்காரர் என்ற சான்று மட்டுமல்ல. தப்பு நடந்தால் பிடித்துக் கேள்வி கேட்க ஒரு பிடி. அந்தப் பிடி இல்லாதவரிடம்தான் நாம் கையை நீட்டுகிறோம்.

கே: போர்டில் 'டாக்டர்' என்றிருந்தால் நம்பலாமா?
(பைக்காரா வாசகி)

ப: போர்டு எழுதுகிறவர் பட்டம் பார்த்து எழுதுவதில்லை. பதிவு எண்ணைப் பாருங்கள். கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், பணம் வாங்கிய ரசீதிலும் அது இருக்கவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. அந்த எண்ணைக் கவுன்சிலின் இணையதளத்தில் போட்டால் பெயர் வரும். எண்ணைக் கேட்டதும் முகம் சிவந்தால், அடுத்த பஸ்ஸில் ஊட்டி.

கே: சித்த மருத்துவர் இங்கிலீஷ் மருந்து எழுதலாமா?
(கூடலூர் வாசகர்)

ப: முதலில், கல்லூரியில் சித்தா படித்துப் பதிவு செய்தவரைப் போலி என்று சொல்லாதீர்கள். அவர் தன் முறையில் முழு டாக்டர். அடுத்தவர் முறையில் கை வைப்பதுதான் வழக்கு. ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் அவரைப் போலி வைத்தியர் என்றே சொல்லி இழப்பீடு கொடுக்க வைத்தது. 1998-இல் இன்னொரு தீர்ப்பு, மாநில அரசு அனுமதித்தால் அந்த அளவுக்கு அலோபதி மருந்து கொடுக்கலாம் என்றது.

கே: என் சின்ன வயதில் தோட்டத்துக்கு வந்த எல்.எம்.பி. டாக்டர் தங்கமான மனிதர். அந்தப் படிப்பை ஏன் நிறுத்தினார்கள்?
(ஊட்டிப் பெரியவர்)

ப: 1946-இல் அரசின் சுகாதார ஆய்வுக் குழுவான போர் (Bhore) குழு, டாக்டர் என்றால் ஒரே தரம், எம்.பி.பி.எஸ். மட்டும் போதும், குறுகிய காலப் படிப்பான எல்.எம்.பி. வேண்டாம் என்றது. குழுவிலேயே சிலர் எல்.எம்.பி. தொடரட்டும் என்று மறுத்து எழுதினார்கள். கொள்கை சரி. ஆனால் எல்.எம்.பி. ஏறிய மலைக்கெல்லாம் எம்.பி.பி.எஸ். ஏறவில்லை, காலி நாற்காலியில் கைராசிக்காரர் உட்கார்ந்துகொண்டார். 2019 சட்டம் சமூக சுகாதாரப் பணியாளருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தர இடம் வைத்திருக்கிறது. டாக்டர் சங்கம் கொதித்தது. என்னைக் கேட்டால், பதிவேட்டில் பெயரும் மேலே ஒரு டாக்டரும் இருந்தால் வரட்டும். 2022-இல் திறந்த நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தவர்களும் கோவைக்கு இறங்கிவிடாமல் இருந்தால் கோடி புண்ணியம்.

கே: தோட்ட டிஸ்பென்சரியில் கம்பவுண்டரே எல்லாம். அவர் மருந்து எழுதலாமா?
(பெயர் வேண்டாம் என்கிறவர்)

ப: கட்டுப் போடலாம், சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துத் தரலாம். சீட்டு எழுதக்கூடாது. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. டாக்டரை அனுப்பாத நிர்வாகத்தைக் கேளுங்கள். தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தருவது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லிவிட்டது.

கே: போலியைப் பற்றி யாரிடம் சொல்வது? ஊரில் பகையாகுமே!
(அவரேதான்)

ப: மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம், அல்லது கலெக்டரின் திங்கட்கிழமை மனுநாளில். தனியாகப் போனால்தான் பகை. லயனே சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.