மாலத்தீவில் நெடுநாள் தங்க விரும்புவோர்க்கு

மாலத்தீவுக்கு நீண்ட விடுமுறை திட்டமிடுவோர் முதலில் மனங்கொள்ள வேண்டியது, ஏறத்தாழ 1,190 பவளத் தீவுகளைக் கொண்ட அந்நாட்டில் 'ஒரு தீவு, ஒரு விடுதி' என்னும் முறை பரவலாக நிலவுவதால், அறைக் கட்டணம் செலுத்தியவர் தேநீருக்கும் குடிநீருக்கும் அதே விடுதியையே சரணடைய நேரும் என்பதும், தெருமுனை டீக்கடை என்னும் அடிப்படை நிறுவனம் அத்தகைய விடுதித் தீவுகளில் அறவே கிடையாது என்பதுமாகும். விலைப்பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் காணப்படும் இரட்டைக் கூட்டற்குறி, அதாவது 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதற்கு மேல் வரியும் பின்னர் சேரும் என்பதற்கான அடையாளம், சுறாவைக் காட்டிலும் கூர்ந்து நோக்கத்தக்கது.

நீர்ப்பரப்பில் இறங்கும் சிறு விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறப்பதால், மலிவு கருதி மாலையில் வந்திறங்கும் பன்னாட்டு விமானத்தைத் தேர்ந்தவர், மிச்சம் பிடித்த தொகையை மாலே நகரில் ஓரிரவு அறை வாடகையாகக் கொடுத்துக் கணக்கை நேர் செய்துகொள்வர். மக்கள் வாழும் தீவுகளின் விருந்தினர் இல்லங்களில் சிக்கனமாகத் தங்குவோர்க்கு மதுவும் இல்லை, வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் பொதுப் படகும் இல்லை. நீச்சலுடைக்கெனத் தனிக் கடற்கரை உண்டு. மே முதல் அக்டோபர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின்போது கட்டணம் இறங்கும், மழையும் இறங்கும். விளம்பரப் படங்கள் முன்னதை மட்டுமே தெரிவிக்கும். சில விடுதிகள், விருந்தினர்க்கு மாலைப்பொழுது நீளும்பொருட்டுக் கடிகாரத்தை மாலே நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக ஓட்டுவதால், கைப்பேசியை நம்பிக் காலையுணவுக்குச் செல்பவர் துடைத்த மேசைகளைக் காண்பர்.