ஆடித் தள்ளுபடியும் ஆறடி ஆறங்குலமும்

கூடைப்பந்தை நான் கையால் தொட்டது குறைவு. பென்சிலால் தொட்டதே அதிகம். எண்பதுகளின் நடுவில், அமெரிக்காவின் நடுமேற்கில், சோளக்கொல்லைகளுக்கு மத்தியில் இருந்த ஒரு சிறிய தனியார் கல்லூரியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தேன். முதல் குளிர்காலத்திலேயே துறைத்தலைவர் கூப்பிட்டு, "நீங்கள் கணக்கு ஆள். கிரிக்கெட் தேசத்திலிருந்து வேறு வருகிறீர்கள். ஸ்கோர் எழுத வருமா?" என்று கேட்டார். கிரிக்கெட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஐந்து நாள் ஆடியும் முடிவு தெரியாத ஆட்டத்துக்குக்கூட யாரோ உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார்கள். அந்தப் பொறுமையை நம்பி என்னை ஜிம்முக்கு அனுப்பினார். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை கொடுத்தார்கள். அதிகாரபூர்வ ஸ்கோரர். சம்பளம் கிடையாது, இடைவேளையில் ஒரு ஹாட்டாக் உண்டு. நான் சைவம் என்பதால் பன் மட்டும்.

இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு சின்னத் தனியார் பள்ளியில்தான். 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஜிம்மில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை மாட்டினார். பிறகு அங்கே படித்த ஹாரி குரோ பக்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததுதான் என் முன்னனுபவம். ஃபவுல் என்றால் சேவல் இல்லை என்ற அளவுக்குத் தெரியும்.

அன்றைக்குக் கோச் ஒருவர்தான். காலையில் முதலுதவி வகுப்பு எடுப்பார், மதியம் டென்னிஸ் சொல்லித் தருவார், சாயங்காலம் பயிற்சி, இரவில் துண்டுகள் துவைக்கும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து மறுநாள் ஆட்டத்துக்குத் திட்டம் போடுவார். வெளியூர் என்றால் வேனையும் அவரே ஓட்டுவார். பனியில் மூன்று மணி நேரம். பின் சீட்டில் நான், மடியில் ஸ்கோர் புத்தகம். பக்கத்தில் முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிக்கும் சென்டர் ஆட்டக்காரன். அவனுக்கு மறுநாள் என்னிடமே கால்குலஸ் பரீட்சை. தோற்றால் வேனில் படிப்பான். ஜெயித்தால் படிக்க மாட்டான். அவன் மார்க்கைப் பார்த்தே சீசன் எப்படிப் போனது என்று சொல்லிவிடலாம். 1986-இல் மூன்று புள்ளிக் கோடு வந்தபோது கோச் அதை சர்க்கஸ் என்றார். எனக்கு அதனால் அழிரப்பர் செலவு கூடியது.

நாங்கள் மூன்றாம் டிவிஷன். கல்லூரி விளையாட்டைக் கட்டியாளும் என்.சி.ஏ.ஏ. 1973-இல் வகுத்த பிரிவினைப்படி, முதல் இரண்டு டிவிஷன்களில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். மூன்றாவதில் ஒரு டாலர்கூடக் கூடாது. இதில் எங்களுக்குப் பெருமை தாங்காது. ஆசிரியர் கூட்டங்களில் பெரிய பல்கலைக்கழகங்களைத் திட்டுவதற்கென்றே நேரம் இருக்கும். அங்கே கோச்சுக்கு ராஜபோகம், பையன்களுக்குப் படிப்பே கிடையாது. இங்கே பாருங்கள், ஆட்டத்தின் மீதுள்ள ஆசைக்காக ஆடுகிறார்கள். அப்படி ஆடியவர்கள் அதற்கு ஃபீஸும் கட்டினார்கள் என்று யாரும் எழுந்து சொன்னதாக நினைவில்லை. பெரிய இடத்துப் பையன்கள் கோடிக்கணக்கான டாலர் டெலிவிஷன் வருமானத்துக்கு ஆடிவிட்டு, யாராவது பீட்சா வாங்கித் தந்தால் விதிமீறலாகிவிடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்ததும் எங்கள் கண்ணில் படவில்லை. தூய்மை என்ற சொல் அந்தக் காலத்தில் மலிவாகக் கிடைத்தது.

இப்போது நான் ஓய்வுபெற்றுப் பார்வையாளர் வரிசைக்கு வந்துவிட்டேன். பென்சில் இருந்த இடத்தில் லேப்டாப். அன்று அணியில் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். இன்று முப்பதைத் தொடுகிறது. ஐந்து பேர் ஆடுகிற ஆட்டத்துக்கு இத்தனை பேர் எதற்கு என்று இப்போதைய கோச்சைக் கேட்டேன்.

"புரொபசர், ஜெயிப்பது என் இரண்டாவது வேலை. முதல் வேலை அட்மிஷன்."

வருஷத்துக்கு இத்தனை பையன்கள் என்று மேலிடம் எழுதியே கொடுத்துவிடுகிறதாம். ஸ்காலர்ஷிப் கிடையாது என்ற அந்தப் பழைய பெருமைதான் இப்போது மூலதனம். ஸ்காலர்ஷிப் வாங்காத ஆட்டக்காரன் ஃபீஸ் கட்டுகிற மாணவன். விடுதியில் ஒரு கட்டில் நிரம்பும், மெஸ்ஸில் ஒரு தட்டு கூடும். தத்துவத் துறை இன்னும் திறந்திருப்பது கூடைப்பந்தால்தான் என்றார் கோச். கணக்குத் துறையை மரியாதைக்காக விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டேன். ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர், ஆக 200 நிமிடம். முப்பது பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 6 நிமிடம் 40 விநாடி. நிஜத்தில் எட்டுப் பேர் ஆடுவார்கள். மற்றவர்களின் பெற்றோர் மூன்று மணி நேரம் காரோட்டி வந்து, பிள்ளை தண்ணீர் பாட்டில் நீட்டுவதை வீடியோ எடுப்பார்கள். அயோவாவின் கிரின்னல் கல்லூரியில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டேவிட் ஆர்சனோ என்ற கோச் ஐந்து பேரையும் ஒரேயடியாக மாற்றி மாற்றி இறக்கி, எல்லோரையும் ஓடவிட்டு, கண்ணில் பட்டதும் எறியச் சொன்னார். 2012 நவம்பர் 20 அன்று அங்கே ஜாக் டெய்லர் என்ற ஒரே பையன் 138 புள்ளிகள் எடுத்தான். எறிந்தது 108 முறை. உலகம் அவன் தோள்பட்டையை எண்ணி வியந்தது. எனக்கு அன்றிரவு ஸ்கோர் எழுதியவரின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

இந்த ஆள்பிடிப்புக்குக் காரணம் பிரசவ வார்டில் இருக்கிறது. 2007-இல் அமெரிக்காவில் சுமார் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அடுத்து பொருளாதாரம் சரிந்தது; தொட்டில்கள் குறைந்தன; பொருளாதாரம் எழுந்த பிறகும் தொட்டில்கள் எழவில்லை. 2007-உடன் 18-ஐக் கூட்டினால் 2025. கல்லூரி நிர்வாகிகள் வேறு கணக்கில் தடுமாறலாம், இந்தக் கூட்டல் அவர்களுக்குத் தூக்கத்திலும் வரும். அதனால் அறிவிப்பில் போட்டிருக்கும் ஃபீஸை அநேகமாக யாரும் முழுசாகக் கட்டுவதில்லை. தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குத் தரும் சராசரிக் கழிவு பாதியைத் தாண்டிவிட்டது. தி.நகரில் புடவை விலையை ஏற்றி எழுதி ஆடியில் குறைப்பார்களே, அதே சாமர்த்தியம்; இங்கே பன்னிரண்டு மாதமும் ஆடி. விளையாட்டுக்காகச் சலுகை தரக்கூடாது என்பதால் அதற்குத் 'தகுதி உதவித்தொகை' என்று பெயர். ஆறடி ஆறங்குலம் வளர்ந்தவர்கள் எல்லோரும் எப்படியோ தகுதியும் பெற்றுவிடுகிறார்கள். என் வகுப்பறையில் இப்படி ஒரு புள்ளியியல் உறவை நான் கண்டதில்லை.

வந்தவன் தங்குவானா என்பது அடுத்த கவலை. முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். மூன்றாம் டிவிஷன் வில்லியம்ஸ் கல்லூரியில் ஒரே சீசன் ஆடிவிட்டு 2014-இல் மிச்சிகனுக்குப் போன டங்கன் ராபின்சன் அப்படி உட்கார்ந்தார். பிறகு தொழில்முறை அணியான மயாமி ஹீட் வரை போனார். அப்போது அது அதிசயம். 2018-இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-இல் ஒருமுறை தண்டனையில்லாமல் மாறலாம் என்றார்கள். 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்றார்கள். நடுவே 2021 ஜூலை 1 முதல், தன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்றுச் சம்பாதிக்கும் உரிமையும் மாணவனுக்குக் கிடைத்தது. பீட்சாவுக்குப் பயந்த காலம் போயிற்று.

எங்கள் அணியிலும் ஒருவன் இருந்தான். ஆறடி ஆறங்குலம், எண் கோட்பாட்டில் நிஜமான ஆசை. இரண்டாம் வருஷ முடிவில் வீட்டுக்கு வந்து, முதல் டிவிஷனில் கூப்பிடுகிறார்கள், படிப்பு இலவசம், கையில் காசும் வரும் என்றான். தோசையை அவன் தட்டில் போட்டுவிட்டு நான் விசுவாசம், வேர், நாலு வருஷ நட்பு என்று நெடுநேரம் பேசினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, இன்னும் இரண்டு தோசை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனான். பாத்திரம் கழுவிக்கொண்டே மனைவி கேட்டாள்:

"என்னங்க, திருச்சி காலேஜ்ல நீங்க டியூட்டரா எவ்வளவு நாள் இருந்தீங்க?"

"அது வேற."

"டிசம்பர்ல அமெரிக்காவுலேர்ந்து லெட்டர் வந்துச்சு. பொங்கலுக்குள்ள பிளேன் ஏறிட்டீங்க. நடு வருஷத்துல ஆள் கிடைக்கலன்னு அந்தப் பிரின்சிபால் எங்கப்பாகிட்ட வந்து புலம்பினாரு."

"நான் படிக்கத்தானே வந்தேன்?"

"இவனும் படிக்கத்தானே போறான். சரி, உங்களுக்கு அப்ப மாசம் எத்தனை டாலர் குடுத்தாங்க?"

சென்ட் வரைக்கும் நினைவிருந்தது. சொல்லவில்லை.

ஊர் விட்டு ஊர் போகும் உரிமை கோச்சுகளுக்கு எந்தக் காலத்திலும் இருந்தது. பையன்களுக்குத்தான் ஒரு வருஷத் தண்டனை. 2022 மார்ச்சில் நியூஜெர்சியின் செயின்ட் பீட்டர்ஸ், பதினைந்தாம் தரவரிசையில் தேசியப் போட்டிக்குள் நுழைந்து, கென்டக்கியை 85-79 என்று கூடுதல் நேரத்தில் சாய்த்தது. பிறகு மர்ரி ஸ்டேட், பர்டூ. பதினைந்தாம் தரவரிசை அணி ஒன்று கடைசி எட்டுக்குள் வந்தது அதுவே முதல்முறை. அங்கே தோற்ற சில நாட்களில் கோச் ஷாஹீன் ஹாலோவே சீட்டன் ஹாலுக்குப் போனார். முக்கிய ஆட்டக்காரர்களும் கலைந்தார்கள், கே.சி. என்டெஃபோ கோச்சின் பின்னாலேயே போனார். மறு வருஷம் அதே மாநிலத்தின் ஃபேர்லி டிக்கின்சன். தங்கள் லீக்கின் இறுதி ஆட்டத்தில் தோற்றவர்கள் அவர்கள்; ஜெயித்த மெர்ரிமேக் அப்போதுதான் முதல் டிவிஷனுக்கு மாறிக்கொண்டிருந்ததால், விதிப்படி தேசியப் போட்டிக்குப் போக முடியவில்லை. அப்படிக் கிடைத்த சீட்டில் போய், முதல் தரவரிசை பர்டூவை 63-58 என்று வீழ்த்தினார்கள். கோச் டோபின் ஆண்டர்சன் அதே மாதம் அயோனாவுக்குப் போய்விட்டார். சின்னக் கல்லூரிக்குத் தோல்வியைத் தாங்கத் தெரியும். வெற்றிக்குப் பிறகுதான் ஆள் மிஞ்சுவதில்லை.

பழைய கதையை ஒப்பிட யாரும் டேவிட்சன் கல்லூரியைத்தான் இழுப்பார்கள், நானும் இழுக்கிறேன். சுமார் 1,700 மாணவர்கள். அவர்களின் அழுக்குத் துணியை அந்தக் காலத்தில் கல்லூரியே துவைத்துத் தந்தது. 2008-இல் ஸ்டீஃபன் கர்ரி அந்த அணியைக் கடைசி எட்டுவரை கொண்டுபோனார். டெட்ராய்ட் ஆட்டத்துக்கு மாணவர்கள் போக பஸ், அறை, டிக்கெட் எல்லாவற்றுக்கும் அறங்காவலர்கள் கைக்காசு போட்டார்கள். கான்சாஸிடம் 59-57 என்று தோற்றார்கள். கர்ரி மறு வருஷமும் அங்கேயே ஆடினார். கோச் பாப் மெக்கிலப் 1989 முதல் 2022 வரை அங்கேயே இருந்தார். இன்று ஒரு கர்ரி அங்கே முளைத்தால் ஏப்ரல் மாதத்துக்குள் எத்தனை போன் வரும் என்பது கர்ரிக்கே தெரிந்திருக்கிறது. 2025-இல் அவர் அந்தக் கல்லூரியின் கூடைப்பந்து அணிகளுக்கு உதவிப் பொது மேலாளராகப் பொறுப்பேற்றார். வெள்ளாவி போதுமாக இருந்த இடத்தில் பொது மேலாளர் தேவைப்படுகிறார்.

அதே 2025-இல் பென்சில்வேனியாவின் லொரெட்டோவில் இருக்கும் செயின்ட் ஃபிரான்சிஸ் 1991-க்குப் பிறகு முதல்முறையாகத் தேசியப் போட்டிக்குள் நுழைந்தது. அலபாமா ஸ்டேட்டிடம் 70-68 என்று தோற்ற ஒரே வாரத்தில், முதல் டிவிஷனே வேண்டாம், மூன்றாவதுக்கு இறங்குகிறோம் என்று அறிவித்தார்கள். ஹார்ட்ஃபோர்டு 2021-இல் இதையே செய்தது. புரூக்ளினின் செயின்ட் ஃபிரான்சிஸ் 2023-இல் விளையாட்டையே மொத்தமாக மூடியது. லொரெட்டோ அறிவிப்புக்குப் பத்து வாரம் கழித்து நீதிபதி கிளாடியா வில்கன் ஓர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்: ஒரு கல்லூரி இனி தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே, முதல் வருஷத்தில் மொத்தம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்கலாம், பழைய ஆட்டக்காரர்களுக்கு 10 வருஷத்தில் சுமார் 280 கோடி டாலர் நஷ்டஈடு. அதில் ஒரு பங்கு, சின்னக் கல்லூரிகளுக்கு என்.சி.ஏ.ஏ. அனுப்பும் பணத்தில் பிடித்தம். விருந்துக்குக் கூப்பிடாதவர்களிடமும் மொய் வாங்கினார்கள்.

செயின்ட் ஃபிரான்சிஸ் இறங்கி வருகிறது என்று கேட்டதும் எங்கள் பழைய ஆசிரியர்கள் சிலருக்குச் சந்தோஷம், தூய்மை ஜெயித்துவிட்டதாம். அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்னும் இப்படித்தான் முதல் டிவிஷனிலிருந்து மூன்றாவதுக்கு வந்தது. 2024 மே 31 அன்று கல்லூரியே மூடப்பட்டது. அதன் பேஸ்பால் அணி அன்றைக்கு ஒஹையோவில் தேசிய இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கல்லூரி போன பிறகும் அணி ஆடியது.

போன மாதம் கோச் போன் செய்தார். நியூஜெர்சியில் ஒரு பையன், ஆறடி மூன்று, பெற்றோர் உங்கள் ஊர்க்காரர்கள், ஒரு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்றார். கூப்பிட்டேன். அப்பா நாமக்கல்காரர்.

"பையன் நல்லாப் படிப்பான் சார். பாஸ்கெட்பால் சும்மா ஒரு இதுக்கு. கழிவு போக எவ்வளவு வரும்?"

சொன்னேன்.

"இன்னொரு காலேஜ்ல மூவாயிரம் கொறைக்கறேங்கறாங்களே."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கொஞ்சம் தயங்கினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு வருஷம் உங்ககிட்ட ஆடிட்டு, நல்லா வந்தான்னா பெரிய காலேஜுக்கு மாத்திக்கலாம்ல?"

"தாராளமா மாத்திக்கலாம். நானே அப்படி வந்தவன்தான். மே ஒண்ணாம் தேதிக்குள்ள முன்பணத்தை மட்டும் கட்டிடுங்க."