மூக்கைப் பொத்தாம எழுது, நைனா!

இன்னா நைனா, லஞ்ச ஊழலைப் பத்தி நாவல் எழுதறியாமே? உங்கம்மா சொல்லிச்சு. நீ குடுத்த நூறு பக்கத்தையும் தறிக் குழியில குந்திக்கினே படிச்சுட்டேன். கறை வேட்டி மந்திரி, கூலிங் கிளாஸ் புரோக்கர், ஒண்டியா நின்னு எதுக்கற நிருபரு. கடைசியில நிருபருக்கு மாலை. நல்லாத்தான் கீது, சினிமாக்காரன் கொத்திக்கினு போவான். ஆனா நம்ம குடியாத்தத்து ஆளு ஒருத்தனையும் அதுல காணோமே? ஊருக்கே அன்னிக்கு ஒடம்பு சரியில்லியா?

ஸ்ரீலால் சுக்லான்னு ஒருத்தரு. உத்தரப்பிரதேச சர்க்கார்ல அதிகாரியா இருந்துக்கினே 1968ல 'ராக் தர்பாரி'ன்னு இந்தியில எழுதினாரு. சாகித்ய அகாடமி பரிசும் வாங்கிச்சு. அதுல லங்கட்னு ஒரு கால் ஊனமானவன். தாலுகா ஆபீசுல ஒரு தாளுக்கு நகல் வேணும் அவனுக்கு. குமாஸ்தா கேட்ட காசுக்கும் இவன் குடுத்த காசுக்கும் ஒத்துவரல. வாய்த்தகராறு முத்தி, "காசு குடுக்காம சட்டப்படி வாங்கறேன்"னு இவன் சபதம் போட்டான். குமாஸ்தாவுக்கும் ரோஷம், "காசு வாங்காம சட்டப்படியே குடுக்கறேன்"னுட்டான். போச்சா! நடையா நடந்தான். ஒருநாள் நகல் தயாராகி, நோட்டீஸ் பலகையிலயும் ஒட்டிட்டாங்க. அந்தச் சமயம் பார்த்து அவனுக்குக் காய்ச்சல். கெடு தாண்டிச்சு, நகலைக் கிழிச்சுட்டாங்க. இதுல வில்லன் யாருன்னு சொல்லு பாப்போம். ஒருத்தனும் இல்ல, எல்லாம் சட்டப்படி!

நம்ம மெட்ராஸ்ல பொறந்த அரவிந்த் அடிகா, பத்திரிகையில வேலை பாத்தவரு, 2008ல 'தி ஒயிட் டைகர்' எழுதி புக்கர் பரிசு வாங்கினாரு. அதுல ஊர் ஓட்டையெல்லாம் டீக்கடைக்காரன் மொத்த வியாபாரம் பண்றான். வயசு தெரியாத பையனுக்கு, ஓட்டு வேணுமேன்னு சர்க்காரே பதினெட்டு போட்டுக் குடுக்குது. அந்தப் பையன் டிரைவரா வளந்து, லஞ்சப் பணப் பையோட மொதலாளியைக் கொன்னுட்டு பெங்களூருக்கு ஓடி, அங்க போலீசுக்கே காசு குடுத்து டாக்சி ஓட்டறான். கதை சொல்றவனே கை நனைச்சவன். அத்தான் சூட்சுமம்.

அவ்ளோ தூரம் எதுக்கு? 2019ஐ எடுத்துக்கோ. சிமெண்டு குடோனுல கட்டுக்கட்டா 11 கோடி ரூபாய்க்கு மேல சிக்கிச்சு. அதனால வேலூர் எம்.பி. தேர்தலை ஏப்ரல் 16ந் தேதி ஜனாதிபதியே ரத்து பண்ணாரு. நம்ம குடியாத்தமும் ஆம்பூரும் அந்தத் தொகுதிக்குள்ளதான் கீது. ஆனா ரெண்டு ஊருக்கும் சட்டசபை இடைத்தேர்தல் 18ந் தேதி ஜோரா நடந்துச்சு. டில்லிக்குப் போற ஓட்டு கெட்டுப்போச்சாம், கோட்டைக்குப் போற ஓட்டு கற்பூரமாம்! ஒரே தெரு, ஒரே வெரலு. 1954ல காமராசரை ஜெயிக்க வெச்சு அனுப்பின ஊரு நைனா இது. இதை விட்டுட்டு உனக்குக் கூலிங் கிளாஸ் கேக்குதா?

உன் நிருபருக்கு வரேன். 2009 தேர்தல்ல காசு வாங்கிக்கினு வேட்பாளர் புகழைச் செய்தியாப் போட்டாங்கன்னு பெரிய புகாரு. பிரஸ் கவுன்சில் ரெண்டு பேரை வெச்சு விசாரிச்சுது. பத்திரிகைப் பேரோட 71 பக்கம் எழுதிக் குடுத்தாங்க. கவுன்சில் 2010ல வெளியிட்டது சுருக்கத்தைத்தான். முழுசும் வெளிய வர, 2011ல தகவல் ஆணையம் சொல்ல வேண்டியிருந்துச்சு. ஊருக்கெல்லாம் சேதி சொல்றவங்க, தன் சேதியை முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தாங்க. உன் நிருபரு மாலையைக் கழட்டிட்டு அந்த முடிச்சை அவுக்கட்டும்.

பேரணாம்பட்டு ரோட்டுல தோல் ஷாப்பு பக்கம் பஸ் போனா, வெளியூர்க்காரன் மூக்கைப் பொத்துவான். நம்மாளு பொத்தறானா? நாத்தம் இல்லாம இல்ல, மூக்கு பழகிப்போச்சு. லஞ்சமும் அப்டித்தான். நீ வெளியூர்க்காரனாட்டம் பொத்திக்கினு எழுதியிருக்கே. பழகின மூக்கு எப்டிப் பழகிச்சுன்னு எழுது.

2019 தேர்தலப்ப இந்தப் பெரியப்பன் ஓட்டுக்குக் கவர் வாங்கினானான்னு கேக்கத் தோணுது இல்ல? கேளு, சொல்றேன். அதுக்கு முன்னாடி, நீ காலேஜ் சேர்றப்ப சாதிச் சான்றிதழு ரெண்டே நாள்ல எப்டி வந்துச்சுன்னு உங்கப்பனைக் கேட்டுட்டு வா. மொதல் அத்தியாயம் அதுதான்.