முடிச்சாச்சு

அமெரிக்காவில் பிள்ளை வீட்டில் மூன்று மாதம் தங்கப் போகிறவர்கள் எப்படியும் ஒருமுறை இவர் கையில் சிக்குவார்கள். பிள்ளையின் நண்பர். நாற்பதைத் தொடாத வயது. கணுக்காலை மூடும் பூட்ஸ், பிடரியை மூடும் தொப்பி, முதுகுப் பையிலிருந்து வாய்வரை வந்து நிற்கும் தண்ணீர்க் குழாய். குளுக்கோஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்தவர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கிராண்ட் கேன்யன் முடிச்சாச்சு அங்கிள். யோசெமிட்டி ரெண்டு தடவை முடிச்சாச்சு."

முதல் தடவை எதை விட்டு வைத்தீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அன்று முதல் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் முடிச்சாச்சு தம்பி.

நம் ஊரில் வேன் வைத்து ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் முடிக்கிறவர்களின் வம்சம்தான். ஆனால் இவரிடம் கணக்கு சுத்தம். அமெரிக்காவில் தேசியப் பூங்கா என்று பெயர் வாங்கியவை 63. இவர் 31 முடித்தவர். சாட்சிக்கு ஒரு சின்ன பாஸ்போர்ட் புத்தகம். 1986 முதல் விற்கிறார்களாம். ஒவ்வொரு பூங்காவின் வரவேற்பு நிலையத்திலும் வட்டமான சீல் ஒன்று இருக்கும். குத்தினால் இடத்தின் பெயரும் அன்றைய தேதியும் விழும். முப்பத்தைந்து வருஷம் தபால் ஆபீஸில் சீல் குத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்த வேலையைச் செய்ய ஒருவர் நூற்றுக்கணக்கான மைல் காரோட்டி வருவார் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை.

யூட்டா மாநிலத்தில் ஸயான், பிரைஸ் கேன்யன், கேப்பிடல் ரீஃப், கேன்யன்லேண்ட்ஸ், ஆர்ச்சஸ் என்று ஐந்து பூங்காக்கள். நமக்குப் பஞ்சபூதத் தலம் மாதிரி. மூன்று நாளில் ஐந்தையும் முடித்து எங்களை வீட்டில் விடுவதாகத் திட்டம். அக்டோபர் மாதம் ஒரு நாள் காலை ஸயானில் சீல் விழுந்தது. மதியம் பிரைஸ்.

பாலை நிலம் என்றதும் என் மனைவி பருத்திச் சேலையில் வந்திருந்தாள். பள்ளத்தின் விளிம்பே கடல் மட்டத்திலிருந்து 8,000 அடி, ஊட்டியைவிட உயரம் என்பதை முடிச்சாச்சு தம்பி இறங்கிய பிறகுதான் சொன்னார். என் ஸ்வெட்டர் கைமாறியது.

"சீல் அப்புறம் குத்திக்கலாம் ஆன்ட்டி. வெளிச்சம் இருக்கும்போதே லூப்பை முடிச்சிடுவோம்."

லூப் என்றால் போன வழியே திரும்பாமல் சுற்றி வந்து சேரும் நடைபாதை. குவீன்ஸ் கார்டன் வழியாக இறங்கி நவஹோ பாதையில் ஏறினால் 2.9 மைல். கடிகாரம் சுற்றும் திசையில், அதாவது பிரதட்சிணமாக, நடக்கச் சொல்கிறது பூங்கா நிர்வாகம். மனைவிக்கு அந்த நிமிஷமே இடத்தின்மேல் மரியாதை வந்துவிட்டது.

"ரெண்டு மூணு மணி நேரம் ஆகும்னு போட்டிருக்கே தம்பி?"

"அது ஃபோட்டோ எடுக்கிறவங்களுக்கு அங்கிள். நாம ஒன்றரையில முடிச்சிடலாம்."

விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். சிவப்பும் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஆயிரக்கணக்கான கல் தூண்கள், தேர்த் திருவிழாக் கூட்டம்போல் நெருக்கியடித்து நின்றன. ஹூடு என்கிறார்கள். ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரியடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை. கேன்யன் என்று பெயரே தவிர, ஆறு அறுத்த பள்ளம் அல்ல. ஆண்டில் கிட்டத்தட்டப் பாதி நாள் இங்கே இரவில் தண்ணீர் உறைகிறது, பகலில் உருகுகிறது. விரிசலுக்குள் இறங்கிய நீர் பனிக்கட்டியாகிப் பருத்துக் கல்லைப் பிளக்கும்; மழை வந்து மிச்சத்தைக் கரைக்கும். அந்த வேலை இன்னும் முடியவில்லை. இதை நான் படித்தது தகவல் பலகையில். முடிச்சாச்சு தம்பி அந்தப் பலகையையும் ஃபோட்டோ எடுத்து முடித்திருந்தார்.

மலை ஏறுகிறவன் முதலில் கஷ்டப்பட்டு அப்புறம் சுகமாக இறங்குவான். இங்கே தலைகீழ். அட்வான்ஸாகச் சுகத்தை வாங்கிக்கொண்டு கடைசியில் வட்டியோடு கட்ட வேண்டும். இறங்கும்போது அவர் பேசிக்கொண்டே வந்தார்: எந்தப் பூங்காவில் எத்தனை மைல், எத்தனை அடி, எத்தனை கலோரி. கைக்கடிகாரம் அவ்வப்போது அதிர்ந்து அவரைப் பாராட்டியது. இரண்டு முறை என்னையும் பார்த்து அதிர்ந்தது; அது பாராட்டாக இருக்க முடியாது.

குவீன்ஸ் கார்டனில் விக்டோரியா மகாராணி சிலைபோல ஒரு கல் உச்சியில் நிற்கிறது. முடிச்சாச்சு தம்பி சட்டென்று முதுகைத் திருப்பி செல்ஃபி எடுத்தார். எதிரே வந்த அம்மாள் ஒருத்தி, மகாராணி அந்தப் பக்கம் என்று பணிவாகக் கை காட்டினாள். அவர் எடுத்தது ஒரு சாதாரணக் கல்லோடு. என் மனைவி உற்றுப் பார்த்து, "நம்ம பெரிய அத்தை கூடத்துல உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு" என்றாள். எனக்கும் அதற்குப் பிறகு மகாராணி தெரியவில்லை.

இந்தத் தூண்களெல்லாம் ஒரு காலத்தில் ஆட்கள், கெட்ட நடத்தைக்காகக் கயோட்டி கல்லாக்கிவிட்டது என்பது அங்கே வாழ்ந்த பையூட் மக்களின் கதை. கயோட்டி என்பது நரி மாதிரி ஒரு பிராணி. "அகலிகை கதைதான். ராமர் இந்தப் பக்கம் வரலை, அவ்வளவுதான்" என்றாள் மனைவி. அப்போது காலடியில் ஓடிய சிப்மங்க் அணிலின் முதுகில் நம் ஊர் அணிலைவிடக் கோடு அதிகம். ராமர் வந்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். முறுக்கு போட விடவில்லை. பூங்கா விதி.

இந்தப் பள்ளத்தாக்குக்குப் பெயர் கொடுத்தவர் எபனேசர் பிரைஸ், 1870களில் இங்கே குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர். ஒரு மாட்டைத் தொலைப்பதற்குப் படுமோசமான இடம் என்று சொன்னாராம். அருகிலேயே குடியிருந்தவர் அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு வால் ஸ்ட்ரீட். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் ஆள் போகிற இடுக்கு, அதில் வெளிச்சம் தேடி நெட்டையாக வளர்ந்த டக்ளஸ் ஃபர் மரங்கள். அங்கிருந்து ஏற்றம், கொண்டையூசி மாதிரி திரும்பித் திரும்பி. சபரிமலை நினைப்பில் எண்ணத் தொடங்கினேன்; பதினெட்டோடு முடியவில்லை. முடிச்சாச்சு தம்பி பேச்சை நிறுத்தினார். அடுத்த திருப்பத்தில் தொப்பியைக் கழற்றினார். அதற்கடுத்ததில் ஒரு கல்லில் உட்கார்ந்து குழாயை உறிஞ்சினார், காற்றுதான் வந்தது. மேலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல், "ஆல்மோஸ்ட் தேர்!" என்றார்கள். எல்லாத் திருப்பத்திலும்.

"தம்பி, முடியுதா?" என்றாள் மனைவி, என் ஸ்வெட்டரில் நின்றபடி.

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி."

அந்த வார்த்தையின் எதிர்மறையைக்கூட அவர் சொல்ல மறுத்தார்.

மேலே வந்து கடிகாரத்தைப் பார்த்தால், இடுக்குக்குள் சிக்னல் தடுமாறியதில் அவர் போன வழி பாறைக்கு உள்ளே புகுந்து வெளியே வந்ததாகக் கோடு போட்டிருந்தது. சித்தர்களுக்குத்தான் அது கைவரும். அவர் சிரிக்கவில்லை. வரவேற்பு நிலையத்துக்கு ஓடினோம். பூட்டியிருந்தது.

மறுநாள் காலை திறந்ததும் முதல் ஆளாகப் போய்க் குத்தினார். தெளிவாக விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவர் மெதுவாக என்னிடம் வந்தார்.

"அங்கிள், நடந்தது நேத்து. தேதி இன்னிக்கு விழுந்திருக்கு. நீங்க போஸ்ட் ஆபீஸ்லதானே இருந்தீங்க... இந்தச் சக்கரத்தை ஒரு நாள் பின்னால திருப்ப முடியுமா?"

அதற்கு சஸ்பென்ஷன் என்று பெயர் தம்பி என்றேன்.

அடுத்த அக்டோபரில் மறுபடி வந்து ஒழுங்காக முடிக்கப்போகிறார். கூட ஆள் தேடுகிறார். போகிறவர்கள் தண்ணீர் கொண்டு போங்கள், கீழே கிடையாது.