மோசே எழுதியதா?

கேள்வி: பைபிளின் முதல் ஐந்து நூல்களையும் மோசேதான் எழுதினாரா?

பதில்: மரபு அப்படித்தான் சொல்கிறது. இடிப்பது ஐந்தாம் நூலான உபாகமத்தின் கடைசி அதிகாரம்: மோசே இறந்து அடக்கமானதும் அதில் இருக்கிறதே! கடைசி எட்டு வசனங்கள் மோசேக்குப் பின் வந்த யோசுவா எழுதியவை என்று யூத மரபு நூலான தால்முத்தில் ஒரு கட்சி. கடவுள் சொல்லச் சொல்ல மோசேயே கண்ணீரோடு எழுதினார் என்பது எதிர்க்கட்சி. ஐந்து நூல்களும் நான்கு மூலங்களின் தொகுப்பு என்று 19ஆம் நூற்றாண்டில் வாதாடினார் ஜெர்மானியர் வெல்ஹவுசன். இன்று அந்த நான்கிலும் ஆளுக்கு ஆள் கத்தி வைக்கிறார்கள்.

இந்த நூல்களின் சட்டத்தைப் பாபிலோனிய மன்னர் ஹம்முராபியின் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எச்சரித்தும் உரிமையாளர் கட்டிவைக்காத மாடு ஆளை முட்டிக் கொன்றால், ஹம்முராபி சட்டத்தில் அபராதம் அரை மினா வெள்ளி. பைபிளின் யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் மாட்டுக்காரருக்கே மரணம். மீட்புப்பணம் கட்டினால் தப்பலாம். யார் யாரைப் பார்த்து எழுதினாலும், வழக்கைத் தொடங்கிவைத்தது மாடுதான்!